வராத திருத்தம்



யார் நினைவாக இந்தச் சொற்பொழிவு ஆண்டுதோறும் நடக்கிறதோ, அந்தப் பெரியவரிடம் நான் ஒருமுறை திட்டு வாங்கியிருக்கிறேன். அவர் பிழைதிருத்தும் பிரிவில் இருந்தார். நான் புதிதாகச் சேர்ந்த உதவி ஆசிரியர். ஒரு நீத்தார் செய்தியில் இறந்தவரின் தலைப்பெழுத்தை மாற்றிப் போட்டுவிட்டேன். "ஒரு எழுத்துதானே சார்" என்றேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "அந்த எழுத்துதான் தம்பி அவங்க அப்பா" என்றார். மறுநாள் இரண்டு வரியில் திருத்தம் வந்தது. நம் தொழிலில் தவறுக்குப் பரிகாரம் அந்த இரண்டு வரிதான்.

போர்ச் செய்தியாளர்களின் மனநலம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் மருத்துவன் அல்லன். போர்முனைக்குப் போனவனும் அல்லன். முப்பத்தோரு ஆண்டுகள் செய்தி மேசையில் உட்கார்ந்து, போனவர்கள் அனுப்பியதை வெட்டி, ஒட்டி, தலைப்பிட்டுப் பக்கத்தில் ஏற்றியவன். அந்த நாற்காலியிலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் கணக்கு. கணக்கு என்று ஒன்று வருவதற்கு முன்பு இது வெறும் வம்புப் பேச்சாகத்தான் இருந்தது. போருக்குப் போய்வந்தவன் குடிப்பான், வீடு தங்கமாட்டான், அடுத்த சண்டை எங்கே என்று தேடிக்கொண்டிருப்பான் என்று பிரஸ் கிளப்பில் சிரித்துக்கொண்டே சொல்வோம். டொரண்டோ பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர் ஆந்தனி ஃபைன்ஸ்டீனிடம் ஒரு செய்தியாளர் சிகிச்சைக்கு வந்தார். இந்தத் தொழில்காரர்களைப் பற்றி ஏற்கெனவே யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா என்று அவர் தேடிப்பார்த்தார். உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் தானே இறங்கினார். போர்முனைச் செய்தியாளர்கள் 140 பேர், போர்ப் பக்கமே போகாத செய்தியாளர்கள் 107 பேர் என இரு தரப்பையும் ஒப்பிட்டு 2002இல் கட்டுரை வெளியிட்டார். போர்முனைக்காரர்களில் 28.6 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில், ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து நாம் பிடிஎஸ்டி என்று சொல்லும் பாதிப்பு இருந்திருக்கிறது. போரிட்ட படைவீரர்களிடம் காணப்படும் அளவுக்கு நெருங்கிய எண் இது. கடும் மனச்சோர்வு 21.4 விழுக்காடு. குடியும் அதிகம். இத்தனைக்கும், சிகிச்சைக்குப் போனதில் அவர்கள் மற்றவர்களைவிட அதிகமில்லை. எனக்கு முதல் எண்ணைவிட இந்தக் கடைசி விவரம்தான் உறைத்தது. துப்பாக்கி பிடித்தவனுக்குப் படையில் மருத்துவமனை உண்டு. பேனா பிடித்தவன் எங்கே போய், எந்த வாயால் சொல்வான்?

இந்தப் பாதிப்புக்கு நம் மொழியில் பெயர் வந்த கதையையும் சொல்லவேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980இல்தான் தன் நோய்க் கையேட்டில் இதைச் சேர்த்தது. அதற்கு அழுத்தம் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் வியட்நாமிலிருந்து திரும்பிய படைவீரர்கள். தமிழுக்குச் சொல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. அங்கே போருக்கு நடுவில் மருத்துவம் பார்த்த தயா சோமசுந்தரம் தன் தமிழ் நூலுக்கு 'மனவடு' என்று பெயர் வைத்தார். சென்னையில் நாங்கள் 'மனஅழுத்தக் கோளாறு' என்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது, அங்கே வடு என்றே சொல்லிவிட்டார்கள். அடிபட்டவர்களுக்குச் சொல் சீக்கிரம் கிடைத்துவிடுகிறது.

வடு எதனால் வருகிறது? குண்டுச் சத்தத்தால், பயத்தால் என்றுதான் நெடுநாள் நானும் நினைத்திருந்தேன். பயமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தொழில்காரர்கள் எழுதிவைத்திருப்பதைத் தொடர்ந்து படித்தால், பயம் ஒருவாறு ஆறிவிடுவது தெரிகிறது. ஆறாமல் கிடப்பது வேறு. நான் அன்றைக்கு அதைச் செய்திருக்கலாமே, சொல்லியிருக்கலாமே, அவனை அனுப்பாமல் இருந்திருக்கலாமே என்பது. பாஸ்டனில் வியட்நாம் வீரர்களுக்குச் சிகிச்சை தந்த ஜோனதன் ஷே போன்றவர்கள் இதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். தனக்குச் சரியென்று பட்ட ஒன்றைத் தானே மீறியதால், அல்லது மேலே இருப்பவர்கள் மீறியதைப் பார்த்துக்கொண்டிருந்ததால் வரும் காயம். இதை 'அறக்காயம்' என்று சொல்லலாமா? அவையில் தமிழாசிரியர்கள் இருக்கிறீர்கள், நல்ல சொல் இருந்தால் கொடுங்கள்.

இதற்கு ஒரு மனிதரின் கதையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

டீன் யேட்ஸ் ஆஸ்திரேலியர், ராய்ட்டர்ஸ் செய்தியாளர். 2002 பாலி குண்டுவெடிப்பு, 2004 சுனாமிக்குப் பின் ஆச்சே என்று பிணங்களுக்கு நடுவே வேலை பார்த்தவர். 2007இல் பாக்தாத் அலுவலகத்தின் தலைவர். ஜூலை 12 காலை அவர் மேசையில் இருக்கிறார். அலுவலகத்தின் பின்பக்கத்திலிருந்து அழுகைச் சத்தம் வருகிறது. அவருடைய புகைப்படக்காரர் நமீர் நூர் எல்தீனும், ஓட்டுநரும் உதவியாளருமான சயீத் சமாக்கும் கொல்லப்பட்டுவிட்டார்கள். நமீருக்கு வயது 22. சயீதுக்கு 40. அமெரிக்க அப்பாச்சி ஹெலிகாப்டர் சுட்டிருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து அமெரிக்கத் தளபதிகள் அவரை அழைத்தார்கள். வெளியே எழுதக்கூடாது என்ற நிபந்தனையோடு ஹெலிகாப்டரில் பதிவான காட்சியில் மூன்று நிமிடத்துக்கும் குறைவான பகுதியைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு சுவர் மூலையிலிருந்து நமீர் நீண்ட லென்ஸோடு எட்டிப் பார்க்கிறார். மேலிருந்து பார்த்தவர்களுக்கு அது ராக்கெட் ஏவும் குழாயாகத் தெரிந்ததாம். அத்தோடு காட்சியை நிறுத்திவிட்டார்கள். முழுப் பதிவையும் கேட்டு ராய்ட்டர்ஸ் தகவல் உரிமைச் சட்டப்படி விண்ணப்பித்தது. கிடைக்கவில்லை.

2010 ஏப்ரல் 5இல் விக்கிலீக்ஸ் அதை வெளியிட்டது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அடிபட்ட சயீத் தரையில் ஊர்ந்துகொண்டிருக்கிறார். அவரைத் தூக்கிப்போக ஒரு வேன் வந்து நிற்கிறது. அதையும் சுடுகிறார்கள். உள்ளே இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். உலகமே பேசிக்கொண்டிருந்தபோது யேட்ஸ் வாய் திறக்கவில்லை. தன் ஆட்களுக்காகத் தான் எழுந்து நின்றிருக்கவேண்டும் என்பது பிறகு அவரை அரித்த பல விஷயங்களில் ஒன்று. 2016இல் அவருக்கு மனவடு நோய் என்று உறுதியாயிற்று. மெல்போர்னில் படைவீரர்களுக்குச் சிகிச்சையளிக்கும் பதினேழாம் எண் வார்டில் சேர்ந்தார். பாலியும் ஆச்சேயும்தான் காரணம் என்று நினைத்துப் போனவர், பேசப் பேச பாக்தாத் மேசைக்கே வந்து சேர்ந்தார்.

இத்தனை ஆண்டும் அவர் மனத்தின் ஒரு மூலையில், நமீர் அந்தச் சுவரோரம் எட்டிப் பார்க்காமல் இருந்திருந்தால் என்ற எண்ணம் கிடந்திருக்கிறது. தளபதிகள் காட்டிய மூன்று நிமிடம் விதைத்த எண்ணம் அது. முழுப் பதிவில் வரிசை வேறு. நமீர் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே சுட அனுமதி கொடுக்கப்பட்டுவிட்டது. இறந்துபோன பையன் மேல் தானும் மனத்துக்குள் ஒரு பழியைப் போட்டு வைத்திருந்தேனே என்பதை அவரால் தாங்க முடியவில்லை. பின்னர் ராய்ட்டர்ஸிலேயே செய்தியாளர்களின் மனநலத்துக்கான பொறுப்பை ஏற்றார், 2023இல் நூலும் எழுதினார். எனக்கு அவர் கதையில் முக்கியமாகப் படுவது வேறு. ஒரு செய்தி அலுவலகத் தலைவர் பத்து ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தது ஒரு திருத்தத்தை. எது முன், எது பின் என்ற வரிசையைச் சரிசெய்யும் ஒரு திருத்தம்.

இனி, உங்கள் எல்லோருடைய கைப்பேசியிலும் இருக்கும் ஒரு கதை. சூடானில் எலும்பும் தோலுமாகக் குனிந்து கிடக்கும் குழந்தை, பின்னால் கழுகு. படம் எடுத்தவர் குழந்தையைக் காப்பாற்றவில்லை, அது செத்துப்போயிற்று, குற்றவுணர்ச்சியில் அவரும் உயிரை விட்டார் என்று காலை வணக்கத்தோடு சேர்த்து அனுப்புகிறார்கள். எனக்கே வருடத்துக்கு நான்கைந்து முறை வருகிறது.

நடந்தது இது. தென்னாப்பிரிக்கரான கெவின் கார்ட்டர் 1993 மார்ச்சில் அயோத் என்ற இடத்தில் அந்தப் படத்தை எடுத்தார். 26ஆம் தேதி நியூயார்க் டைம்ஸில் வந்தது. குழந்தை என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்டுத் துளைத்ததில், நான்கு நாள் கழித்து ஆசிரியர் குறிப்பு ஒன்று போட்டார்கள். கழுகு விரட்டப்பட்டது, அவள் எழுந்து நடக்கும் அளவுக்குத் தேறினாள், உணவு மையத்தை அடைந்தாளா என்பது தெரியவில்லை என்ற பொருளில். அந்தக் குறிப்பிலும் ஒரு பிழை. அது ஆண் குழந்தை. பிற்பாடு 2011இல் ஸ்பெயின் நாட்டுச் செய்தியாளர்கள் அந்த ஊருக்கே போய் விசாரித்தபோது, பையன் அந்தப் பஞ்சத்தில் சாகவில்லை, வளர்ந்து பல ஆண்டுகள் கழித்துக் காய்ச்சலில் இறந்தான் என்று அவன் தகப்பனார் சொன்னார்.

1994 ஏப்ரலில் கார்ட்டருக்கு புலிட்சர் பரிசு அறிவிக்கப்பட்டது. சில நாள் கழித்து, 18ஆம் தேதி, அவருடைய உயிர் நண்பரும் புகைப்படக்காரருமான கென் ஊஸ்டர்ப்ரூக் தொகோசாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூலை 27இல் கார்ட்டர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 33. எப்படி என்பதை நான் சொல்லமாட்டேன். இதழியல் மாணவர்கள் நீங்களும் எழுதும்போது எழுதாதீர்கள். கடன், போதைப் பழக்கம், நண்பனின் சாவு, நிறவெறி ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் கண்ணெதிரே கண்ட கொலைகள் என்று அந்த மரணத்துக்குப் பின்னால் பல இருந்தன. அத்தனையையும் கழித்துவிட்டு ஒரு கழுகை மட்டும் வைத்துக்கொண்டோம். நீதிக்கதைக்கு அதுதான் வசதி. கேட்டுத் துளைத்த கூட்டத்தில் ஒருவர்கூட, படம் எடுத்தவனுக்கு என்ன ஆயிற்று என்று அவன் உயிரோடு இருந்தபோது கேட்டதாகத் தெரியவில்லை.

நமக்கு நெருக்கமான ஒருவர் மேரி கோல்வின். லண்டன் சண்டே டைம்ஸ் செய்தியாளர். இலங்கையின் வன்னிக்குள் செய்தியாளர்களை அரசு விடாத காலத்தில் உள்ளே போய் அங்குள்ள தமிழ் மக்களின் நிலையைப் பார்த்துவிட்டு, 2001 ஏப்ரல் 16 இரவு எல்லையைக் கடந்து திரும்பும்போது படையினர் தாக்குதலில் இடது கண்ணை இழந்தார். மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே கட்டுரையை அனுப்பினார். அந்தக் கறுப்புக் கண்மறைப்பைத்தான் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறோம். அதற்குப் பிறகு அவர் மனவடு நோய்க்காக மருத்துவமனையில் இருந்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை.

எட்டு ஆண்டு கழித்து வன்னி அவரைத் தொலைபேசியில் தேடி வந்தது. 2009 மே மாதம், போரின் கடைசி நாட்கள். புலிகளின் அரசியல் பொறுப்பாளர் நடேசனும் புலித்தேவனும் சரணடைய வழி கேட்டு அவரிடம் பேசினார்கள். அவர் ஐ.நா. அதிகாரி விஜய் நம்பியாரிடம் எடுத்துச் சொன்னார். வெள்ளைக் கொடியோடு வந்தால் போதும் என்ற பதில் வந்தது. மே 18 அன்று அவர்கள் உயிரோடில்லை. எப்படி இறந்தார்கள் என்பதில் இலங்கை அரசு சொல்வது ஒன்று, மற்றவர்கள் சொல்வது ஒன்று. அடுத்த ஞாயிறு கோல்வின் நடந்ததை வரிசையாக எழுதினார். செய்தி சேகரிக்க வந்தவர் தூது போய், தூது தோற்று, அதையும் செய்தியாக எழுதவேண்டி வந்தது. 2012 பிப்ரவரி 22இல் சிரியாவின் ஹோம்ஸ் நகரில் ஷெல்லடியில் கொல்லப்பட்டார். ஏன் திரும்பத் திரும்பப் போனார் என்று கேட்பவர்கள் பிபிசியின் ஃபெர்கல் கீன் எழுதியதைப் படிக்கலாம். ருவாண்டாவிலிருந்து எத்தனையோ போர்களைப் பார்த்தவர். மனவடு காரணமாக 2020இல் ஆப்பிரிக்க ஆசிரியர் பொறுப்பிலிருந்து விலகினார். போர் தனக்குப் போதையாகிவிட்டதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

இவர்கள் எல்லாம் விமானம் ஏறித் திரும்பியவர்கள் அல்லது திரும்பியிருக்கக் கூடியவர்கள். பிடிஎஸ்டி என்ற பெயரின் முதல் எழுத்து குறிக்கும் 'பிந்தைய' என்ற சொல் அவர்களுக்குப் பொருந்தும். அங்கேயே பிறந்து, அங்கேயே வீடும் பிள்ளைகளும் இருப்பவனுக்கு எதற்குப் பிந்தைய? அல் ஜசீராவின் காசா அலுவலகத் தலைவர் வாயில் தஹ்தூஹ் 2023 அக்டோபர் 25இல் மனைவி, மகன், மகள், பேரக்குழந்தையை இழந்தார். திரும்பவும் கேமரா முன் வந்து நின்றார். டிசம்பரில் அவர் காயப்பட்டார், அவருடைய ஒளிப்பதிவாளர் இறந்தார். ஜனவரி 7இல் செய்தியாளராகவே இருந்த மூத்த மகனும் கொல்லப்பட்டார். அவரை 'மலை' என்று உலகம் புகழ்ந்தது. மலை என்று சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் தோளில் கை போட வேண்டியதில்லை. நம் பக்கத்தில், திருகோணமலையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட படங்களை வெளியே கொண்டுவந்த சுகிர்தராஜன் 2006 ஜனவரி 24இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வாரமும் மற்ற நிருபர்கள் வேலைக்குப் போனார்கள். போகாமல் என்ன செய்வார்கள், சம்பளம் அதில்தானே.

இந்த வகையில்தான் ஸ்ட்ரிங்கர்கள் என்று நாம் சொல்லும் பகுதிநேர நிருபர்களும் வருகிறார்கள். வெளிவந்த செய்தியின் நீளத்தை அளந்து காசு. உயிர்க் காப்பீடு கிடையாது, விடுப்பு கிடையாது, மனநல ஆலோசனை என்று கேட்டால் சிரிப்பார்கள். 2019இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், ஆண்டுக்கணக்கில் கொலை வழக்குகளை எழுதி மனம் நொறுங்கிய ஒரு செய்தியாளருக்கு அவருடைய நாளிதழ் 1,80,000 டாலர் தரவேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலை தருபவருக்கு இதில் கடமை உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. சம்பளப் பட்டியலிலேயே பெயர் இல்லாதவன் யார்மேல் வழக்குப் போடுவான்?

இப்போது என் மேசைக்கு வருகிறேன்.

2009இன் முதல் ஐந்து மாதங்கள் நான் இரவுப் பணியில் இருந்தேன். வன்னியிலிருந்து படங்கள் மின்னஞ்சலில் வரும். திறப்பதற்கு முன் டீ குடித்துவிடுவேன், திறந்த பிறகு குடிக்க முடியாது என்பதற்காக. எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று நானும் லே-அவுட் பையனும் பேசுவோம். "சார், இதை உள்பக்கத்துல போட்டுடலாம், பிளாக் அண்ட் ஒயிட்ல ரத்தம் தெரியாது" என்பான். நல்ல யோசனை என்று பாராட்டியிருக்கிறேன். அப்படித்தான் பேசினோம், ஜவுளிக்கடையில் சாயம் பார்ப்பதுபோல. ஃபைன்ஸ்டீனின் குழு 2014இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, இப்படி அலுவலகத்தில் உட்கார்ந்து கொடூரக் காட்சிகளைப் பார்க்கும் 116 பேரைப் பற்றியது. மொத்தம் எத்தனை மணி நேரம் பார்த்தார்கள் என்பதைவிட எத்தனை முறை திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்பதுதான் அதிகம் பாதிக்கிறதாம். அந்த வெயில்காலம் முழுக்க என் மனைவி ஏன் என்னிடம் பேசவே பயந்தாள் என்பது அதைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

வவுனியாவிலிருந்து ஒரு நிருபர் தொலைபேசியில் கூப்பிடுவார். பெயர் வேண்டாம். மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள், இறந்தவர்கள் பட்டியலைச் சொல்வார். இங்கே அகதி முகாம்களில் இருந்த உறவினர்கள் பேப்பரில் அந்தப் பட்டியலைத்தான் முதலில் பார்ப்பார்கள். "அண்ணை, எழுதுங்கோ" என்று தொடங்குவார். லைன் அறுந்து அறுந்து வரும். தலைப்பெழுத்துகளை இரண்டு தடவை சொல்வார். "செ. செல்லையாவின்ர செ. விளங்குதா அண்ணை?" விளங்குது என்பேன்.

ஒரு நாள் பட்டியலில், இறந்தவர் பெயருக்கு முன் 'செ.' என்று வரவேண்டியது 'சி.' என்று அச்சாகிவிட்டது. அதே பெயரில், அதே ஊரில், 'சி.' தலைப்பெழுத்தோடு இன்னொருவர் இருந்தார். ராமநாதபுரம் மாவட்டத்து முகாம் ஒன்றில் இருந்த அவருடைய அக்கா பேப்பரைப் பார்த்து அழுது, எட்டுச் செலவு வரை செய்து முடித்துவிட்டார். தம்பி உயிரோடு இருக்கிறார் என்ற தகவல் மூன்று வாரம் கழித்து வந்தது. வவுனியாக்காரர் பதறிப்போய்க் கூப்பிட்டார். "என்ர பிழை அண்ணை, நான்தான் மாறிச் சொல்லிப்போட்டன். ஒரு திருத்தம் போடுங்கோ" என்றார். போடுகிறேன் என்றேன். அந்த இரவு பக்கங்கள் நிரம்பி வழிந்தன.

2018இல் தாயாரின் கண் அறுவை சிகிச்சைக்காக அவர் திருச்சி வந்திருந்தார். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். எழுதுவதை விட்டுவிட்டு போட்டோக்கொப்பிக் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். இரவில் தூக்கம் இல்லையாம். ஷெல் சத்தமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். பெயர்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே கிடப்பாராம், தலைப்பெழுத்தோடு, இரண்டு இரண்டு தடவையாக. பிறகு காப்பி டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டே கேட்டார். "அண்ணை, அந்தத் திருத்தம் போட்டனீங்கள்தானே?"

"போட்டோமே, எட்டாம் பக்கத்துல" என்றேன்.

இந்தச் சொற்பொழிவுக்கு ஒப்புக்கொண்ட பிறகு பழைய அலுவலகத்துக்குப் போய் 2009 தொகுப்பைக் கேட்டு வாங்கினேன். அந்த வாரம், அடுத்த வாரம், அந்த மாதம் முழுக்கப் பார்த்தேன். எட்டாம் பக்கத்தில் இல்லை. எந்தப் பக்கத்திலும் இல்லை. வீட்டுக்கு வந்து பரணில் கிடந்த என் தொலைபேசிக் குறிப்பேட்டையும் எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்தில், தெளிவாக, 'செ.' என்று இருக்கிறது. அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். தட்டச்சு செய்தவன் நான்.

இந்த உரையை அச்சிடும்போது நீளம் கருதி எதை வெட்டினாலும் இந்தக் கடைசிப் பகுதியில் கை வைக்கவேண்டாம் என்று இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையினரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். படி ஒன்று வவுனியாவுக்கு, கடை முகவரிக்கு, பதிவுத் தபாலில் போகும். முகவரியை என் கையால் எழுதுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.